ஏரியைக் கடக்கும் எந்திரம்

கம்பம் பள்ளத்தாக்கின் வேளாண்மை, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் தேங்கும் நீரை நம்பியிருக்கிறது. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் நீர், தேக்கடியில் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கி, உத்தமபாளையம், போடிநாயக்கனூர், தேனி வட்டங்களின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்குப் பாய்கிறது. மழை கைகொடுக்கும் ஆண்டுகளில் சூன் முதல் நாளில் முதல்போகத்திற்கு மதகு திறக்கப்படும். நாற்றங்காலில் விதை தூவ அந்த நாளுக்காகவே உழவர்கள் காத்திருப்பர்.

மதகு தேக்கடியில் இருக்கிறது. அணையோ காட்டின் உள்ளே, நீர்வழியில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நீர்மட்டம், நீர்வரத்து, அணையின் உட்புறக் கசிவுநீர் ஆகியவற்றை அளந்து பதிவுசெய்யும் தமிழகப் பொறியாளர்களும் பணியாளர்களும் தேக்கடியிலிருந்து படகில் அணைக்குச் செல்வது வழக்கம். ‘கண்ணகி’, ‘தமிழ் அன்னை’ என்னும் பெயருடைய படகுகள் இப்பணிக்கென உள்ளவை. வல்லக்கடவு வழியே ஒரு காட்டுப்பாதையும் உண்டு. ஆனால், அடைமழைக் காலத்தில் அதில் வண்டி செலுத்துவது எளிதன்று. அணையை மிகுதியாகக் கண்காணிக்க வேண்டிய காலமும் அதே அடைமழைக் காலந்தான். எனவே, அந்நாளில் படகின் எந்திரம் இயங்குமா என்பது படகோட்டியின் கவலை மட்டுமன்று.

இப்பகுதி மீனவர்க்கு எந்திரம் பெரிதும் தேவைப்படுவதில்லை. பெரியாற்று ஏரியில் மன்னான் பழங்குடியினர் மூங்கில் தெப்பத்தில் சென்று வலை விரிக்கின்றனர். வைகை அணையில் பரிசலும் துடுப்புமே மீன்பிடிக் கருவிகள். பரிசலுக்கு எரிபொருளும் வேண்டா, மின்கலமும் வேண்டா. பெரியாற்று ஏரியின் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு 1970ஆம் ஆண்டு உடன்பாட்டின்படிக் கேரளத்திற்கு விட்டுக்கொடுத்தது. ஆகவே, தேனி மாவட்டத்தார்க்குப் படகு எந்திரம் என்றால் மீன்பிடிப்பைவிட அணைப் பயணமே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால், அந்த எந்திரத்தைப் பேணும் முறைக்கும் நாகப்பட்டினத்து விசைப்படகைப் பேணும் முறைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

டீசல் எந்திரம் இப்பள்ளத்தாக்கிற்குப் புதியதன்று. மின்சாரம் எட்டாத கிணறுகளில் ‘ஆயில் இன்ஜின்’ எனப்பட்ட எந்திரம் பல்லாண்டுகள் நீர் இறைத்தது. கிணற்றடியில் எந்திரம் நின்றால் அன்றைய பாய்ச்சல் தடைப்படும். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை திராட்சைக் கொடி வாடாது. ஏரியின் நடுவே நின்றால் நிலைமை வேறு. காற்று வீசும் திசையில் படகு இழுபடும். கரையெங்கும் புலிகள் காப்பகத்துக் காடு. இறங்கி நடந்துவிடலாம் என்று எண்ண இயலாது. நிலத்தில் பழுது வந்தபின் சரிசெய்வதைப் பராமரிப்பு எனலாம். நீரிலோ பழுது வருமுன் அதன் அறிகுறியைக் கரையிலேயே கண்டுபிடிப்பதுதான் பராமரிப்பு.

நடுவழியில் நின்றுபோன எந்திரத்தில் முதலில் ஐயுற வேண்டியது எரிபொருளை. டீசல் எந்திரத்தில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்று கடுமையாக அமுக்கப்பட்டுச் சூடேறும். அச்சூட்டில் டீசல் பனித்துளிபோலத் தெளிக்கப்பட்டுத் தானே எரியும். தெளிக்கும் உறுப்பை மெக்கானிக்குகள் ‘நாசில்’ என்பர். அதற்கு எரிபொருளை அழுத்தி அனுப்பும் பம்பின் உட்பகுதிகளுக்கு இடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். அவ்விடைவெளியில் மசகாகவும் அந்த டீசலே பயன்படுகிறது. டீசலுக்கு மாற்றாக நீர் புகுந்தால் மசகு நீங்கும், உலோகம் உரசும், துரு ஏறும். சில துளி நீர் போதும், விலையுயர்ந்த பம்பு பாழாவதற்கு.

மூடிய தொட்டிக்குள் நீர் எங்கிருந்து வருகிறது? தொட்டி பாதி வெறுமையாக இருந்தால் மீதி இடத்தைக் காற்று நிரப்புகிறது. தேக்கடியின் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து, தொட்டியின் உட்சுவரில் வியர்த்துச் சொட்டுகிறது. டீசல் நீரைவிட இலேசானது. ஆகவே, சொட்டிய நீர் அடியில் தங்குகிறது. ஒரு நாளில் அது பொருட்டன்று. ஒரு பருவம் முழுதும் சேர்ந்தால் அடியில் ஒரு படலமாகும். நீரும் டீசலும் சந்திக்கும் அப்பரப்பில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிய பாசிபோன்ற சளியை உண்டாக்கும். வடிகட்டியை அடைப்பது பெரும்பாலும் மணலன்று, இச்சளியே. இதற்கு மாற்று மிக எளியது. பணி முடிந்து படகைக் கட்டும் மாலையிலேயே தொட்டியை நிரப்பிவிட வேண்டும்; காற்றுக்கு இடமில்லையேல் வியர்வைக்கும் இடமில்லை. மறுநாள் காலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்பது சிக்கனம்போலத் தோன்றும் செலவு.

தொட்டிக்கும் எந்திரத்திற்கும் இடையில் நீர்பிரிக்கும் கிண்ணம் ஒன்றும் வடிகட்டியும் பொருத்தப்பட்டிருக்கும். கண்ணாடிக் கிண்ணமாயின் அடியில் நிற்கும் நீரைக் கண்ணாலேயே காணலாம். நாள்தோறும் எந்திரத்தை முடுக்குமுன் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து சிறிதளவு வடித்து, கலங்கல் நீங்கித் தெளிந்த டீசல் வரும்வரை பார்த்தல் வேண்டும்.

வடிகட்டியை மாற்றும்போதும் தொட்டி முற்றிலும் வற்றும்போதும் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கும் இயல்புடையது. பம்பு எவ்வளவு அழுத்தினாலும் காற்றுக்குமிழி சுருங்குமேயன்றி நாசில் திறக்காது. “ஏர் புடிச்சிருச்சு” என்று கிணற்றடியில் சொல்வது இதனைத்தான். வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால் முதலில் நுரை கலந்த டீசல் வெளிவரும். நுரை அடங்கி ஒரே ஒழுக்காக வந்தபின் திருகை இறுக்கினால் எந்திரம் உயிர்பெறும். படகோட்டி ஒவ்வொருவரும் இதனைக் கரையிலேயே பலமுறை செய்து பழக வேண்டும். அலையில் ஆடும் படகில், மழையில், மங்கிய வெளிச்சத்தில் முதன்முறையாகக் கற்கத்தக்க வேலையன்று இது.

பெட்ரோலில் இயங்கும் புறப்பொருத்து எந்திரமாயின் அச்சம் வேறு வகையினது. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே பறந்துவிடாமல் படகின் அடிப்பள்ளத்தில் தங்கும். முடுக்குமுன் அடிப்பலகையைத் திறந்து காற்றாட விடுவதும், முகர்ந்து பார்ப்பதும் அதனாலேயே.

இனி, பேட்டரி எனப் பேச்சில் வழங்கும் மின்கல அடுக்கு. 12 வோல்ட் ஈய-அமில அடுக்கில் ஆறு கலங்கள் உள்ளன. நன்கு மின்னேற்றி ஓய்வில் வைத்த அடுக்கு 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12 வோல்ட்டுக்கு இறங்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள். மின்னிறங்கிய நிலையில் பல வாரங்கள் கிடந்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய ஆற்றல் திரும்பாது. வேலைப்பளுவால் கெடும் அடுக்குகளைப் போலவே கவனிப்பாரற்றுக் கிடந்து கெடும் அடுக்குகளும் பல. வறட்சியில் ஏரி வற்றிப் பயணம் குறையும் மாதங்களில்தான் இதனை மறவாமல் மின்னேற்ற வேண்டும்.

கலங்களில் அமிலமட்டம் தாழ்ந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே சேர்க்க வேண்டும். ஏரிநீர் எவ்வளவு தெளிவாயினும் அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவினால் ஈரம் அணுகாது. கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். இல்லையேல் கையிலுள்ள இரும்புச்சாவி உடற்சட்டத்தில் பட்டுப் பொறி கிளம்பும். மின்னேற்றும்போது ஐதரசன் வெளிப்படுவதால் அப்பொறி வெடிப்பாகவும் மாறலாம். மின்கலம் எந்திரத்தை முடுக்க மட்டும் அன்று. விளக்கும் தொலைத்தொடர்புக் கருவியும் அதனைச் சார்ந்தவை. நின்றுபோன படகில் உதவிக்கு அழைக்கும் குரலும் அதிலிருந்தே எழ வேண்டும்.

பெரியாற்று ஏரிக்கே உரிய இடர் ஒன்றுண்டு. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள், நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நீரினுள் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அமர்ந்து சிறகு உலர்த்தும் அக்கட்டைகள் ஒளிப்படத்திற்கு அழகானவை. படகோட்டியோ, கண்ணுக்குப் புலப்படும் கட்டைக்கு அஞ்சுவதில்லை. நீர்மட்டத்திற்கு ஓர் அடி கீழே நிற்கும் கட்டைக்கே அஞ்சுகிறார். சுரங்கவழி நீர் எடுக்கக்கூடிய தாழ்ந்த மட்டம் 104 அடி. 2014இல் உச்ச நீதிமன்றம் இசைந்த மட்டம் 142 அடி. இவ்விரண்டிற்கும் இடையே 38 அடி ஏறியிறங்கும் ஏரியில், சென்ற மாதம் ஆபத்தின்றிக் கடந்த வழியில் இம்மாதம் கட்டை முளைத்திருக்கும்.

கட்டையில் மோதும் உந்துவிசிறியைக் காக்கச் சிறிய புறப்பொருத்து எந்திரங்கள் பலவற்றில் மெல்லிய ஆணி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதிர்ச்சியில் ஆணி முறிந்து பல்சக்கரங்களைக் காப்பாற்றும். இதற்கு ஈடாக வலிய ஆணியைப் பொருத்துவோர், இரண்டு ரூபாய்ப் பொருளைக் காத்துப் பல்சக்கரப்பெட்டியை இழப்பர். மாற்றாணியும் குறடும் படகிலேயே இருத்தல் வேண்டும். மோதலுக்குப்பின் பல்சக்கரப்பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்ப்பது நல்லது. அது மோர்போல் வெளுத்திருந்தால் அச்சின் அடைப்பு பழுதாகி நீர் உட்புகுந்துவிட்டது.

எந்திரத்தைக் குளிர்விப்பதும் ஏரிநீரே. உறிஞ்சு வாயின் சல்லடையில் இலையும் சேறும் அடைத்தால், ரப்பர் இதழ்களையுடைய சிறு பம்புச் சக்கரம் நீரின்றிச் சுழன்று சில நிமிடங்களில் கருகிவிடும். எனவே, முடுக்கியவுடன் எந்திரத்தின் புறத்தே நீர்த்தாரை வெளியேறுகிறதா என்று நோக்குவது படகோட்டியின் முதற்கடமை.

கடற்கரையில் இந்நோக்கு இன்னும் கடுமையாக வேண்டும். உப்புநீரில் ஓடிய புறப்பொருத்து எந்திரத்தைக் கரை சேர்ந்ததும் நன்னீர் பாய்ச்சிக் கழுவாவிடில் குளிர்வுக்குழாயில் உப்பு படியும். உலோக அரிப்பைத் தான் ஏற்றுத் தேய்ந்து மற்ற உறுப்புகளைக் காக்கும் துண்டு, கடலில் துத்தநாகத்தால் ஆனது. நன்னீரில் அதன்மேல் படலம் படர்ந்து பயனற்றுப்போவதால் ஏரிப்படகிற்கு மக்னீசியம் பொருந்தும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன்வளம் பெருகுவதற்காக ஏற்பட்டது. விசைப்படகினர் அதனை எந்திரம் பிரித்துப் பார்க்கும் காலமாகவும் ஆக்கிக்கொண்டனர். ஏரிப்படகிற்கும் பருவமழைக்கு முந்திய அதே கோடைதான் உகந்தது.

எந்திரம் செம்மையாக இருந்தால் பயணம் முழுதும் செம்மையாகிவிடுமா? 2009 செப்டம்பர் 30 அன்று இதே தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அங்கே கேள்விக்குள்ளானது எந்திரத்தின் ஓட்டமன்று, படகின் நிலைப்பு. எரிபொருளும் மின்கலமும் நிலைப்போடு தொடர்புடையவை. மின்கலம் கனமான பொருள். அதனைத் தாழ்வாகவும் நடுக்கோட்டை ஒட்டியும் வார்கொண்டு இறுகக் கட்ட வேண்டும். பாதி நிரம்பிய அகன்ற தொட்டியில் டீசல், படகு சாயும் பக்கமே ஓடிச்சேர்ந்து சாய்வை மிகுவிக்கும். தொட்டிக்குள் குறுக்குத் தடுப்புகள் வைப்பது இதனாலேயே. மாலையில் தொட்டியை நிரப்பும் பழக்கத்திற்கு இது இரண்டாவது காரணம்.

பழைய எண்ணெயையும் அடிப்பள்ளத்தில் தேங்கிய எண்ணெய்நீரையும் ஏரியில் கொட்டாமல் கலத்தில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். யானையும் மானும் குடிக்கும் அந்நீரே மலையிறங்கிப் பள்ளத்தாக்கு ஊர்களின் குடிநீராகவும் ஆகிறது.

ஊர்திக்குக் கிலோமீட்டர் கணக்கு. படகு எந்திரத்திற்கு ஓடிய மணிக்கணக்கு. எத்தனை மணிக்கு ஒருமுறை எண்ணெய், வடிகட்டி, ரப்பர்ச் சக்கரம் ஆகியவற்றை மாற்றுவது என்பதை உற்பத்தியாளரின் கையேடு கூறும். ஆனால், ஓடிய மணிகளை எழுதிவைத்தால்தான் அக்கையேடு பயன்படும். நாள், ஓடிய நேரம், நிரப்பிய டீசல், மின்கலத்தின் வோல்ட் அளவு, கிண்ணத்தில் வடிந்த நீர், வழியில் தட்டிய கட்டை ஆகியவற்றைப் பதிவேட்டில் அன்றன்றே குறித்து, மின்கலத்தின் முதன்மை விசையை அணைத்து, மழையால் நீர்மட்டம் உயர்ந்தாலும் படகை அமிழ்த்தாத அளவு கயிற்றைத் தளர்வாகக் கட்டிய பிறகே படகோட்டி கரையேறுகிறார். மறுநாள் காலையில் வேறொருவர் அப்படகை எடுப்பதாயினும் அவர் முதலில் திறப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.