பாட்டியின் இலத்தீனும் பேத்தியின் ஆங்கிலமும்

சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடத்தில், தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெற்றோரின் மகள் ஒருத்தி வங்கித் தேர்வுக்குப் படித்து வருகிறாள். இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்தபோது, கடினமான ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் உருப்போட்டுக் கொண்டிருந்தாள்.

"காலையில் நாற்பது சொல் படித்தால் இரவில் பத்துகூட நிற்கவில்லை, சாமி. நமக்கு இங்கிலீஷ் வராது" என்றாள்.

இப்படி ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடுவது சிறிய காரியமன்று. எத்தனையோ விண்ணப்பங்கள் இம்முடிவினால் எழுதப்படாமலே போகின்றன.

அருகில் அவள் பாட்டி அமர்ந்திருந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன், பூசை இலத்தீனில் நடந்த காலத்துச் சிறுமி அவர். "கிரேதோ நினைவிருக்கிறதா?" என்றேன். "விசுவாசப் பிரமாணந்தானே, சாமி!" என்றார்.

'நம்புகிறேன்' என்பதே அச்சொல்லின் பொருள். அவ்வேரிலிருந்து கிளைத்தவைதாம் நம்பத்தக்கதைக் குறிக்கும் 'கிரெடிபிள்', எதையும் எளிதில் நம்பிவிடுபவரைக் குறிக்கும் 'கிரெடுலஸ்', நம்ப மறுப்பவரைக் குறிக்கும் 'இன்கிரெடுலஸ்' ஆகியவை. வங்கியில் வழங்கும் 'கிரெடிட்' கூட நம்பிக் கொடுப்பதே. குருமடத்தில் நண்பர் ஒருவரை 'நம்பத்தக்கவர்' என்று பாராட்ட எண்ணி, 'கிரெடுலஸ்' என்று எழுதிக் கொடுத்தவன் நான்! அதிபர் தந்தை சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

பாவத்தைக் குறிக்கும் 'பெக்காத்தும்' என்பதற்கு உறவானது 'இம்பெக்கபிள்'. பாவம் செய்ய இயலாத என்பது அதன் பழம்பொருள்; இன்றோ குற்றங்காண இடமில்லாத கையெழுத்துக்கும் உடைக்கும்கூட அது வழங்குகிறது. உலகம் எனப் பொருள்படும் 'முந்துஸ்' தந்த 'மண்டேன்', உலகியல் சார்ந்தது என்பதிலிருந்து, சுவையற்ற அன்றாட வேலைகளைக் குறிக்கவும் வந்துவிட்டது. ஆகவே வேர் நம்மை வாசல்வரை கொண்டு சேர்க்கும். இன்றைய பொருளை அகராதியிலும் வாக்கியத்திலுந்தான் காணவேண்டும். ஒலியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 'மேண்டேட்' என்பது 'மண்டேன்' என்பதன் உறவன்று. கட்டளையிடுதலைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது.

இத்தாலியரான வீரமாமுனிவர் நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். தமிழை அயல்மொழியாகக் கற்ற அவர் 1732இல் இயற்றிய 'சதுரகராதி' பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது. ஒரு சொல்லின் பல பொருள்கள் ஓரிடத்தில்; ஒரு பொருளுக்குரிய பல சொற்கள் வேறிடத்தில்; தொகைப் பெயர்கள் தனியே; எதுகையால் அமைந்தவை தனியே. சொற்களைத் தனித்தனியே விடாமல் உறவோடு சேர்த்து வைத்தமையே அதன் சிறப்பு.

அப்பெண்ணிடம் பழைய பட்டியலை மூடி வைக்கச் சொன்னேன். பக்கத்துக்கு ஒரு சொற்குடும்பம். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ப் பொருளும், தன் வீட்டைப் பற்றித் தானே எழுதிய ஒரு வாக்கியமும். நாளைக்கு ஐந்து சொல் போதும்.

மறுவாரம் சென்றபோது பாட்டியே முந்திக்கொண்டார்: "சாமி, 'பாக்ஸ்' என்றால் சமாதானந்தானே? அதற்கு இங்கிலீஷில் யாரெல்லாம் உறவு?"

நான் வாய் திறக்குமுன் பேத்தி சொன்னாள்: "'பேசிஃபை', அமைதிப்படுத்து. 'பசிபிக்', அமைதியான கடல். இரண்டும் நேற்றே எழுதிவிட்டேன், பாட்டி."