வெப் டிசைன் கத்துக்க டிப்ஸ் புக் வாங்கலாமா?

நெல்லையில் பழைய புத்தகக் கடைப் பக்கம் போறப்ப குண்டா ஒரு ட்ரீம்வீவர் டிப்ஸ் புக் கண்ணில் பட்டா, உடனே பர்ஸைத் திறக்காதீங்க. முதல்ல எந்த வருஷப் பதிப்புன்னு பாருங்க. பாதி புத்தகம் ஃபிளாஷ் பத்தியே பேசினா, அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க. ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி 2020 டிசம்பர் 31-ஓட மூடுவிழா நடத்திடுச்சு.

'இந்த மெனுவில் இதை கிளிக் பண்ணு' என்கிற டிப்ஸ், அடுத்த வெர்ஷன் வந்தாலே காலாவதி ஆகிடலாம். ஏன் அப்படிச் செய்யணும்னு சொல்ற டிப்ஸுக்குத்தான் காசு கொடுக்கலாம்.

பத்தமடைப் பாய் விற்கிற சொந்தக்காரருக்கு நீங்க வெப்சைட் செய்றீங்கன்னு வெச்சுக்குவோம். கோரை நெசவு தெளிவா தெரியணும்னு போன்ல எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏத்துறீங்க. பாபநாசம் பஸ்ல, சிக்னல் விட்டு விட்டு வர்ற இடத்துல அதைத் திறக்கிறவர், பாய் வர்றதுக்குள்ள மூடிடுவார். ஒரு வியாபாரம் போச்சு! படத்தைச் சுருக்கி ஏத்துங்கன்னு டயல்-அப் காலத்துப் புத்தகம் சொன்னது இன்னைக்கும் செல்லும்.

ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாத ஒண்ணு இருக்கு. தமிழில் 'கி' மேலே சுழிக்கும், 'கூ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கான வரி இடைவெளியை வெச்சா, வரிகள் முட்டிக்கிற மாதிரி இருக்கும். சிஎஸ்எஸ்ல லைன்-ஹைட்டை 1.6-க்கு ஏத்திப் பாருங்க.

ஆனா டிப்ஸ் புக் முதல் புத்தகம் இல்ல. அடிப்படை ஹெச்டிஎம்எல் படிச்சு ஒரு பக்கமாவது செஞ்சு, எங்கே மாட்டுனீங்களோ அந்த அத்தியாயத்தைத் திறங்க. காசு கொடுக்கும் முன்னாடி, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல ஒருதடவை தேடிடுங்க.