இஎம்ஐ வங்கியின் கணக்கு. வீட்டின் கணக்கு வேறு

வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர் வங்கியில் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத்தான். அதற்குக் கிடைக்கும் பதிலான இஎம்ஐ, கடனை அடைக்க வங்கிக்குத் தர வேண்டிய தொகை மட்டுமே. வீட்டை வைத்துக்கொண்டு அதில் குடியிருக்க மாதந்தோறும் ஆகும் தொகை இதைவிடப் பெரியது. எவ்வளவு கடன் தாங்கும் என்பதை இந்தப் பெரிய தொகையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

சென்னையில் 62.5 லட்சம் ரூபாய்க்கு 1,000 சதுர அடியில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கிகள் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே கடன் 50 லட்சம். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால் இஎம்ஐ 43,391 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் மாதம் 4,000. அரையாண்டுக்கு ஒருமுறை வரும் சொத்து வரியையும் குடிநீர் வரியையும் மாதத்துக்குப் பிரித்து ஓர் ஆயிரம், பெயின்ட், பிளம்பிங், மோட்டார் பழுதுக்கு 1,500 என்று ஒதுக்கலாம். கடனோடு சேர்த்து எடுக்கச் சொல்லும் காப்பீட்டின் பிரீமியம் 1.5 லட்சம் என்று வைத்து, அதையும் கடனிலேயே ஏற்றினால், மாதம் 1,302 ரூபாய் கூடுகிறது. 20 ஆண்டில் அந்த 1.5 லட்சத்துக்கு 3.12 லட்சம் கட்டியிருப்போம். மொத்தம் 51,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

மாதக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத செலவும் ஒன்று உண்டு. கைப்பணமாக 12.5 லட்சம் போட வேண்டும். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் இது சுமார் 5.6 லட்சம், இந்தச் செலவைப் பொதுவாக வங்கிகள் வீட்டு மதிப்பில் சேர்ப்பதில்லை. இப்படிக் கையிலிருந்து போகும் 18 லட்சம், 6.5 சதவீத வைப்பு நிதியில் இருந்திருந்தால் மாதம் 9,750 ரூபாய் வட்டி தந்திருக்கும். இந்த வரவு நின்றுபோவதும் செலவுதான்.

இஎம்ஐயும் மாறாமல் இருப்பதில்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், வங்கிகளுக்குத் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டுள்ளன. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக ஏறியது. 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 50 லட்சம் வாங்கியவரின் தவணை 38,765 ரூபாய். வட்டி 9.5 ஆனதும், அந்த 50 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 39,583. கடன் வாங்கிச் சில மாதங்களே ஆனவர் பழைய தவணையையே கட்டிவந்தால் அசல் குறையாது, ஏறும். அதனால்தான் வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும், நீட்டுவதால் அசல் வளரக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

வாடகை வீணாகப் போகிறது, தவணை சொத்தாகிறது என்பார்கள். பாதி உண்மை. நம் கணக்கில் முதல் மாதத் தவணையில் 35,417 ரூபாய் வட்டி. அசலில் கழிவது 7,974 மட்டுமே. வட்டி என்பது பணத்துக்குக் கொடுக்கும் வாடகை. வரிச்சலுகை இருக்கிறதே என்றால், சொந்தக் குடியிருப்புக்கான 2 லட்சம் வரையிலான வட்டிக் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு; புதிய முறையில் இல்லை. சம்பளம் ஏறும், தவணையோ அவ்வளவாக ஏறாது என்ற வாதம் வலுவானது. பத்தாண்டு கழிந்தால் சுமை இலகுவாகத்தான் தெரியும். ஆனால், பராமரிப்பும் வரியும் சம்பளத்தோடு சேர்ந்தே ஏறும். நெருக்கடி வருவது முதல் சில ஆண்டுகளில். அந்த ஆண்டுகளைத் தாண்டும் அளவுக்குத்தான் கடன் இருக்க வேண்டும்.

2024 அக்டோபர் முதல், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அது போதும். வீட்டின் பராமரிப்பும் வரியும் அதில் வராது. அவற்றை நாமே எழுதிக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டிய தொகையிலிருந்து இப்போதைய வாடகையைக் கழித்து, மீதியை ஆறு மாதம் தவறாமல் சேமித்துப் பார்ப்பது நல்ல சோதனை. முடியாவிட்டால் கடன் தொகையைக் குறைக்க வேண்டும். காலத்தை நீட்டித் தவணையைச் சிறிதாக்குவது வட்டியைத்தான் பெருக்கும்.