வீட்டுக்குள் நாற்று வளர்க்க ஒரு டியூப் லைட் அலமாரி

நாற்று நன்றாக அமைந்தால் பயிர் பாதி தேறிவிட்டது என்பது காய்கறி விவசாயிகள் அனைவரும் அறிந்த உண்மை. தக்காளி, மிளகாய், கத்தரி ஆகிய பயிர்களில் நாற்றங்கால் பருவம் 25 முதல் 40 நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் ஏற்படும் சேதத்தைப் பின்னர் எவ்வளவு உரமிட்டாலும், எத்தனை முறை மருந்தடித்தாலும் சரிக்கட்ட முடியாது.

திறந்தவெளி நாற்றங்காலில் இரண்டு பெரிய தொல்லைகள் உண்டு. வெயில் காலத்தில் வெள்ளை ஈக்கள் வந்து இளநாற்றின் சாற்றை உறிஞ்சி, தக்காளியில் இலைச்சுருள் நச்சுயிரி நோயைப் பரப்புகின்றன. இந்நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நாற்றிலேயே நோய் தொற்றிய செடி வயலில் குட்டையாக நின்றுவிடும். காய்ப்பு மிகக் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை வேறு வகையானது. பாத்தியில் ஈரம் தேங்கி, நாற்றழுகல் நோயால் நாற்றுகள் தண்டடியில் நைந்து கூட்டங்கூட்டமாகச் சாய்கின்றன. வீரிய ஒட்டு விதையை எண்ணி வாங்கி விதைக்கும் இக்காலத்தில் ஒவ்வொரு நாற்றின் இழப்பும் பண இழப்பே.

இவ்விரு தொல்லைகளிலிருந்தும் நாற்றைக் காக்க, வீட்டின் ஓர் அறையிலேயே டியூப் லைட் வெளிச்சத்தில் நாற்று வளர்க்கும் அலமாரி ஒன்றை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். மின்விளக்கில் பயிர் வளர்ப்பது புதிய செய்தியன்று. அமெரிக்காவில் பாசடீனா நகரில் விஞ்ஞானி பிரிட்ஸ் வெண்ட் 1949ஆம் ஆண்டு திறந்த ஆய்வுக்கூடத்தில் ஒளி, வெப்பம், ஈரம் ஆகியவற்றை விருப்பப்படி மாற்றிப் பயிர்களை ஆராய்ந்தனர். அத்தகைய பெரிய கூடங்கள் செய்யும் வேலையில் ஒரு சிறு பகுதியைத்தான் நம் அலமாரி செய்கிறது.

யாருக்கு ஏற்றது?

எல்லோருக்கும் இது ஏற்றதன்று. சூரிய ஒளி நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஏக்கர் கணக்கில் நடுபவர்கள் நிழல்வலைக் கூடமோ, பூச்சி புகா வலைக் கூடமோ அமைப்பதுதான் சிக்கனம். 5 முதல் 20 சென்ட் வரை காய்கறி நடுபவர்கள், விலை உயர்ந்த விதையைக் குறைந்த அளவில் விதைப்பவர்கள், மழைக்காலத்தில் நாற்றுவிட இடமில்லாதவர்கள் ஆகியோருக்கு இந்த அலமாரி உதவும்.

வெளிச்சமே முதல் தேவை

வீட்டுக்குள் விதைத்த நாற்று ஏன் வெளுத்து, நெட்டையாகி, சாய்ந்துவிடுகிறது? வெளிச்சக் குறைவே காரணம். நம் கண் மங்கலான ஒளிக்கும் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாக இருப்பதுபோல் தோன்றும். செடியை அப்படி ஏமாற்ற முடியாது. உச்சி வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். இரவில் ஒரு டியூப் லைட் எரியும் அறையில் கிடைப்பது 100 முதல் 300 லக்ஸ் மட்டுமே. நாற்று திடமாக வளர 8,000 முதல் 10,000 லக்ஸ் ஒளியாவது நாளுக்கு 16 மணி நேரம் கிடைக்க வேண்டும். எனவே ஒரு தட்டுக்கு ஒரு விளக்கு போதாது. 4 அடி நீளமுள்ள டியூப் லைட்டுகள் நான்கினை நெருக்கமாக அமைத்து, இலைகளுக்கு 10 முதல் 15 செ.மீ. உயரத்திலேயே தொங்கவிட வேண்டும்.

தேவையான பொருட்கள்

1. துளையிட்ட இரும்பு ஆங்கிளால் செய்த ரேக் ஒன்று: உள்நீளம் 130 செ.மீ., அகலம் 60 செ.மீ., உயரம் 180 செ.மீ. மரச்சட்டத்திலும் செய்துகொள்ளலாம்.
2. 4 அடி டியூப் லைட்டுகள் 8, பட்டியுடன் (ஒரு அடுக்குக்கு 4 வீதம்).
3. விளக்கைத் தொங்கவிடச் சங்கிலியும் கொக்கிகளும்.
4. ரேக்கைச் சுற்றி மூட 50 மெஷ் பூச்சி புகா வலை.
5. ஒளியைத் திருப்ப வெள்ளைத் தகடு. பின்புறம் வெள்ளையாக உள்ள பழைய பிளெக்ஸ் துணியும் போதும்.
6. ஒவ்வொரு அடுக்குக்கும் விளிம்புள்ள தகரத் தட்டு அல்லது பிளாஸ்டிக் தட்டு.
7. சிறிய மின்விசிறி, டைமர் சுவிட்ச், வெப்பமானி.
8. 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகள் 8.

எந்த விளக்கு?

வீட்டில் பழைய 36 வாட் புளோரசன்ட் டியூப் லைட்டுகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்தலாம். எலக்ட்ரானிக் சோக்குடன் ஒரு விளக்கு சுமார் 40 வாட் மின்சாரம் எடுக்கும். புதிதாக வாங்குவதானால் 20 வாட் எல்.இ.டி. டியூப் வாங்குவதே நல்லது. இது ஒளியைக் கீழ்நோக்கியே வீசுவதால், பாதி மின்சாரத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், சூடும் குறைவு. மேலும் புளோரசன்ட் டியூப்களில் பாதரசம் உள்ளது. 2023ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், இவற்றின் தயாரிப்பை 2027ஆம் ஆண்டுக்குள் நிறுத்துவதென முடிவு செய்துள்ளன. எந்த வகையானாலும் சாதாரண வெள்ளை ஒளி போதுமானது. இளஞ்சிவப்பு ஒளி தரும் தனி விளக்குகளுக்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

அமைக்கும் முறை

வீட்டில் குளுமையான அறையைத் தேர்ந்தெடுக்கவும். ஓட்டு வெப்பம் இறங்கும் அறையும், மொட்டை மாடி அறையும் ஆகா. ரேக்கின் முதல் அடுக்கைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலும், இரண்டாவது அடுக்கை அதற்கு மேல் 60 செ.மீ. உயரத்திலும் அமைக்கவும். குழித்தட்டுகளை அகலவாட்டில் வைத்தால் ஓர் அடுக்கில் 4 தட்டுகள் பிடிக்கும்.

ஒவ்வொரு அடுக்கின் மேலும் 4 விளக்குகளை 15 செ.மீ. இடைவெளியில் ஒரு சட்டத்தில் பொருத்தி, சங்கிலியால் தொங்கவிடவும். நாற்று உயர உயரச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகச் சுருக்கி விளக்கை உயர்த்தலாம். குழித்தட்டின் மட்டத்திலிருந்து விளக்கின் மட்டம் வரை மூன்று பக்கமும் வெள்ளைப் பிளெக்ஸைக் கட்டினால், வெளியே சிதறும் ஒளி நாற்றின் மீது திரும்பி விழும். அதற்கு மேலும் கீழும் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும். கடைசியாக ரேக் முழுவதையும் வலையால் மூடவும். முன்பக்க வலையைத் திறந்து மூடும்படி அமைத்து, விளிம்பில் இடுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். இரவு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

பலகைக் கதவு போட்டு அடைத்துவிட வேண்டாம். மூடிய பெட்டிக்குள் விளக்கின் சூடு தங்கி நாற்று வாடிவிடும். சோக்குகளையும் சட்டத்துக்கு வெளியே பொருத்துவது நல்லது. சிறு விசிறியை இலைகள் இலேசாக அசையும் அளவுக்கு ஓடவிட்டால் சூடு குறையும், இலை ஈரம் உலரும், தண்டும் தடிமனாகும்.

மின் பாதுகாப்பு

தண்ணீரும் மின்சாரமும் அருகருகே உள்ள அமைப்பு இது. எனவே வயரிங் வேலையைத் தகுதி பெற்ற வயர்மேனைக் கொண்டே செய்யவும். இரும்பு ரேக்குக்கு எர்த் இணைப்பு தர வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம் தேவை. மேல் அடுக்கின் தண்ணீர் கீழ் அடுக்கின் விளக்கில் சொட்டக் கூடாது. விளிம்புள்ள தட்டு கேட்பது இதற்காகவே. தண்ணீர் ஊற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடவும். பம்புசெட்டுக்குத் தரப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து இந்த அலமாரிக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது.

விதைப்பு

எட்டுத் தட்டுகளுக்குச் சுமார் 10 கிலோ மக்கிய தென்னை நார்க்கழிவு தேவைப்படும். அதனுடன் வேப்பம் புண்ணாக்கு 170 கிராம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவை தலா 35 கிராம் கலந்து, பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரப்படுத்தி நிரப்பவும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற கணக்கில் விதை நேர்த்தி செய்யவும். மருந்து பூசி விற்கப்படும் விதைக்கு இது வேண்டாம். குழிக்கு ஒரு விதையாக 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, அதே கலவையால் மூடவும்.

விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலிதீன் தாளால் மூடிவைக்கவும். முளைக்கும் வரை விளக்கு தேவையில்லை. தக்காளி 4, 5 நாட்களில் முளைக்கத் தொடங்கும். மிளகாய் சில நாட்கள் கூடுதலாக எடுக்கும். முளை தலைகாட்டியதும் அன்றே தட்டுகளைப் பிரித்து விளக்கின் கீழ் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நெட்டையாகிவிடும்.

அலமாரியில் பராமரிப்பு

மாலை 5 மணிக்கு விளக்கைப் போட்டுக் காலை 9 மணிக்கு அணைக்கவும். இரவின் குளுமையில் விளக்கின் சூடு தொல்லை தராது. பகலில் அறை மங்கலாக இருந்தால் போதும். கூடுதல் வளர்ச்சியை எதிர்பார்த்து 24 மணி நேரமும் விளக்கை எரிக்க வேண்டாம். இடைவிடாத ஒளியில் தக்காளி, கத்தரி இலைகள் மஞ்சளாகிக் கெட்டுவிடும். இரவில் மின்தடை ஏற்பட்டால், தடைப்பட்ட நேரத்தைக் காலையில் ஈடுசெய்யலாம். தட்டின் மட்டத்தில் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது.

அலமாரியில் வெயில் இல்லாததால் ஈரம் மெதுவாகவே காயும். கலவையைத் தொட்டுப் பார்த்து, மேற்பரப்பு உலரத் தொடங்கினால் மட்டும் பூவாளியால் தண்ணீர் தரவும். அதிக ஈரம் இங்கும் நாற்றழுகலைக் கொண்டுவரும். விளக்கின் நடுப்பகுதியைவிட முனைகளில் ஒளி குறைவு. ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றி வைக்கவும். விதைத்த 18ஆம் நாள் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம்.

நாற்றைப் பார்த்தே குறையை அறியலாம். தண்டு நீண்டு வெளுத்தால் விளக்கை இறக்கவும். இலை ஓரம் கருகினால் விளக்கை உயர்த்தவும். இலை மஞ்சளாகி, கலவை சொதசொதவென்று இருந்தால் தண்ணீரைக் குறைக்கவும்.

கடினப்படுத்துதல்

தக்காளி நாற்று அலமாரியில் 15 நாட்கள் இருந்தால் போதும். ஆனால் அதை எடுத்து நேரே வயலில் நடக் கூடாது. டியூப் லைட்டின் ஒளியில் வளர்ந்த இலை வெயிலைத் தாங்காது. நடவுக்கு முந்திய 5 நாட்களில், வெளியே வலைக்கூண்டுக்குள் தட்டுகளை வைத்து வெயிலுக்குப் பழக்கவும். முதல் நாள் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் தொடங்கி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டவும்; தண்ணீரைச் சற்றுக் குறைக்கவும். இந்த நாட்களிலும் வலை இல்லாமல் வைத்தால் வெள்ளை ஈ வந்து, அதுவரை பட்ட பாடு வீணாகும். இவ்வாறு 25ஆம் நாள் நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். மிளகாய்க்கு மொத்தம் 35 முதல் 40 நாட்கள் ஆகும்.

செலவுக் கணக்கு

எட்டுத் தட்டுகளில் 784 குழிகள். நூற்றுக்கு 90 தேறினால் சுமார் 700 நாற்றுகள். எக்டருக்கு 23,334 நாற்றுகள் என்னும் கணக்கில் இது ஏறக்குறைய 7 சென்ட் நிலத்துக்குப் போதும்.

எட்டு எல்.இ.டி. விளக்குகளுக்கு 160 வாட். நாளுக்கு 16 மணி நேரம் வீதம் 15 நாளில் சுமார் 38 யூனிட் செலவாகும். பழைய புளோரசன்ட் விளக்கானால் சுமார் 77 யூனிட். ஒரு யூனிட் 5 ரூபாய் என்று கொண்டால், தேறிய நாற்று ஒன்றுக்கு எல்.இ.டி. விளக்கில் 27 பைசாவும், புளோரசன்ட் விளக்கில் 55 பைசாவும் ஆகும். உங்கள் வீட்டின் மின்கட்டண விகிதத்தை வைத்தும், விசிறிச் செலவையும் சேர்த்தும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கவும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அலமாரி காலியாவதால், அடுத்தடுத்து மூன்று முறை விதைத்தால் 20 சென்ட் வரை நடலாம். அறுவடையும் ஒரே வாரத்தில் குவியாமல் பரவலாக வரும். தக்காளி விலை திடீரென்று இறங்கும் காலங்களில் இது ஒரு பாதுகாப்பு.

நினைவில் கொள்ள வேண்டியவை

அலமாரி காப்பது நாற்றுப் பருவத்தை மட்டுமே. நட்ட பிறகும் வெள்ளை ஈ வரும். ஆகவே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்தல், மஞ்சள் ஒட்டும் பொறி வைத்தல், நோய்ச் செடிகளை உடனே பிடுங்கி அழித்தல் ஆகியவற்றைக் கைவிடக் கூடாது. முனை கறுத்து ஒளி மங்கிய புளோரசன்ட் டியூப்களை மாற்றிவிடவும். அவற்றை உடைத்துக் குப்பையிலோ வயலிலோ போடாமல், மின்னணுக் கழிவு பெறுவோரிடம் ஒப்படைக்கவும்.

முதலிலேயே இரண்டு அடுக்குகளுக்கும் செலவு செய்ய வேண்டாம். ஓர் அடுக்கை மட்டும் அமைத்து, இரண்டு தட்டு விதையுங்கள். அதே நாளில் அதே விதையை வழக்கம்போல் வெளியிலும் இரண்டு தட்டு விதையுங்கள். இரண்டையும் ஒரே வயலில் தனித்தனி வரிசையாக நட்டு, நட்ட 30ஆம் நாள் இலைச்சுருள் கண்ட செடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்றுக்கு ஆன மின்செலவையும், அலமாரி நாற்றில் கூடுதலாகத் தப்பிய செடிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், இரண்டாவது அடுக்கு உங்களுக்குத் தேவையா இல்லையா என்பது தெளிவாகிவிடும்.