கீரைக் கட்டும் மூவாயிரம் டாலரும்

சந்தைத் திடலில் கூடையை இறக்கியவுடன் சுங்கம் வசூலிப்பவர் வந்து நிற்பது நம் அங்கத்தினர்களுக்குப் பழகிய காட்சியே. கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று அவர் கேட்பார். நாமும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்து விடுவோம். ஆயினும் அக்கட்டணம் சரக்கின் அளவையொட்டியது. சரக்கு ஒரு கூடையாயினும் ஒரு வண்டியாயினும் ஒரே தொகை, அதையும் முதல் கட்டு விற்பதற்கு முன்னரே செலுத்திவிட வேண்டும் என்றிருந்தால் சிறு விவசாயி என் செய்வான்? அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தைச் சேர்ந்த ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 2010ஆம் ஆண்டில் இக்கேள்வி எழுந்தது. அது தீர்ந்த விதத்தை நம் அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

அந்நகரின் தென்பகுதியில், குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே கிடந்த ஏறக்குறைய முக்கால் ஏக்கர், அதாவது நம் கணக்கில் 75 சென்ட் நிலத்தை, பெண்மணிகள் இருவர் பயிரிட முன்வந்தனர். கீரை வகைகளையும் வாசனைப் பூண்டுகளையும் விளைத்து விற்று, நகரத்துக்குள்ளேயே ஒரு தோட்டம் தன் செலவைத் தானே தாங்குமா என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். வீட்டுக்கென்று பயிரிட்டால் சட்டம் குறுக்கே வாராது. விற்பனை என்றதும் அது வியாபாரமாகிவிடும். குடியிருப்புப் பகுதியில் வியாபாரத்துக்கு நகரத் திட்ட இலாகாவின் விசேஷ அனுமதி வேண்டும். மனுச் செய்து, விசாரணைக்குக் காத்திருந்து, சுமார் 3,000 டாலர் கட்டணமும் செலுத்த வேண்டும்.

ஒரு கட்டுக் கீரை 2 டாலருக்கு விலை போவதாகக் கொள்வோம். விதை, எரு, தண்ணீர், ஆட்கூலி இவற்றையெல்லாம் மறந்துவிட்டால்கூட, 1,500 கட்டுகள் விற்றபின்தான் அனுமதிக் கட்டணம் ஈடாகும். பெரிய கட்டடம் எழுப்புகிறவனுக்கு அத்தொகை தூசு. தோட்டக்காரருக்கோ அது முதற்பருவத்தின் முதலையே விழுங்கிவிடும்.

இத்தகைய பகுதி வரையறைச் சட்டங்களை நாம் குறை கூறுவதற்கில்லை. நியூயார்க் நகரம் 1916ஆம் ஆண்டில் நகர் முழுவதற்குமாக இதனைக் கொண்டுவந்தது. ஒஹையோ ராஜ்யத்து யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் 1926ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இம்முறையை ஒப்புக்கொண்டது. ஆலைப் புகையும் இரைச்சலும் குழந்தைகள் உறங்கும் வீட்டை அண்டலாகாது என்பது நியாயமே. ஆனால் சுறாவுக்கு விரித்த வலையில் நெத்திலியும் சிக்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வேடிக்கை இன்னும் அதிகம். அங்கே 1946ஆம் ஆண்டின் விதியொன்று, குடியிருப்புப் பகுதியில் விளைந்த காய்கறியை வெளியே கொண்டு சென்று விற்க இடமளித்தது. பழத்துக்கும் பூவுக்கும் அவ்வுரிமை இல்லை. தம் கொல்லையில் பூ வளர்த்துச் சந்தையில் விற்ற ஒருவர்மீது அண்டை வீட்டார் புகார் செய்ய, 2009ஆம் ஆண்டில் அவர் விற்பனை தடைப்பட்டது. கத்தரிக்காய்க்குக் கிடைத்த மரியாதை ரோஜாவுக்குக் கிடைக்கவில்லை! மறு ஆண்டு நகரசபை அவ்விதியைத் திருத்திப் பழத்தையும் பூவையும் சேர்த்துக் கொண்டது.

ஸான் பிரான்ஸிஸ்கோத் தோட்டக்காரர்கள் தனித்தனியே மனுப்போட்டு அலையவில்லை. ஒத்த கருத்துடையோர் கூடி ஓர் அமைப்பாக நின்று, நகரசபை விசாரணைகளில் தங்கள் கணக்கை எடுத்துரைத்தனர். 2011 ஏப்ரலில் மேயர் எட் லீ திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதையும் அந்த முக்கால் ஏக்கர் தோட்டத்திலேயே வந்து செய்தார். ஒரு ஏக்கருக்குக் குறைந்த தோட்டம் நகரின் எப்பகுதியிலும் இருக்கலாம். விளைந்ததை அங்கேயே விற்கலாம். விசேஷ விசாரணை வேண்டியதில்லை. கட்டணமும் சில நூறு டாலராகக் குறைந்தது. அண்டை வீட்டாரையும் சட்டம் மறக்கவில்லை. விற்பனை காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரைதான். எருக்குழி எல்லையிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் கனரக யந்திரங்கள் கூடா.

ஒன்றில் மட்டும் நமக்கு மனக்குறை உண்டு. விளைந்ததைக் கொண்டு ஊறுகாயோ பழப்பாகோ செய்து விற்கும் உரிமை குடியிருப்புப் பகுதிகளுக்குக் கிட்டவில்லை. தக்காளி மலிந்து விலை விழும்போது அதைப் பக்குவம் செய்து வைப்பதில்தான் விளைவித்தவனுக்கு நாலு காசு நிற்கிறது என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை.

கட்டணம் குறைந்தது, நிலமோ பிறருடையது. மேயர் கையெழுத்திட்ட அத்தோட்டத்தின் நிலம் பத்தாண்டு நிறைவதற்குள் ஒரு பள்ளிக்குக் கைமாறியது, தோட்டமும் மூடப்பட்டது. பள்ளி வருவதைத் தவறென்று யார் சொல்வார்? ஆயினும் எரு இட்டுப் பண்படுத்திய மண்ணைப் பெயர்த்துத் தலைச்சுமையாய் எடுத்துச் செல்ல முடியுமா? இந்தக் கவலைக்கு மருந்தாக, 2013ஆம் ஆண்டில் கலிபோர்னியாச் சட்டசபை மற்றொரு வழி கண்டது. நகரத்திலுள்ள 3 ஏக்கருக்கு மேற்படாத சிறு மனையைக் குறைந்தது 5 ஆண்டுகள் பயிருக்கே விடுவதாக உடையவர் ஒப்பந்தம் செய்தால், வீட்டுமனை மதிப்பை விடுத்து, பாசன விளைநில மதிப்பில் அவருக்குச் சொத்துவரி விதிக்கப்படும். இடையில் முறித்தால் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். மறு ஆண்டே ஸான் பிரான்ஸிஸ்கோ இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியவர் நில உடைமையாளரே. தோட்டக்காரர் அவரை இணங்க வைக்க வேண்டும்.