எஸ்கேப்பை அமத்தினால் தெரியும் கூத்து

“எஸ்கேப்பை ஒருக்கா அமத்துங்க, நானா!”

அமத்தினேன். சின்னச் சக்கரம் சுழன்றுகொண்டிருந்த திரை சட்டென்று விலகியது. அடேயப்பா! கூத்துக் கொட்டகையின் பின்தட்டியைத் தூக்கிப் பார்த்த மாதிரி. வெள்ளை எழுத்து வரிவரியாக ஓட, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பச்சை ‘ஓகே’. கரைத்தீவில் போட்டோ கொப்பி கடை வைத்திருக்கும் தம்பியின் பழைய டெஸ்க்டொப்பில், லினக்ஸ் வேஷம் கட்டும் இடத்தை அன்றுதான் கண்டேன்.

லினக்ஸில் முதலில் எழும்புவது அதன் கருவான கெர்னல். அது, மற்றச் சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டியை எழுப்பிவிடும். இந்த வீட்டில் அதற்கு இலக்கம் 1. பிறகு ஒலி, பிரின்டர், நெட்வேர்க் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிவருவார்கள். யார் சுணங்கினார் என்று கோள் சொல்லவும் ஒரு கட்டளை: ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’. அடித்தோம். இன்டர்நெட் வரட்டும் என்று சும்மா காத்துக்கிடந்த ஒரு சேவை பட்டியலின் உச்சியில்! ஆனால் கோளை முழுசாக நம்பக் கூடாது. ஒருவர் சுணங்கினாலும் மற்றவர் தம் வேலையை முடித்திருப்பார். யாருக்காக யார் காத்திருந்தார் என்பதைக் ‘கிரிட்டிக்கல்-செயின்’ கட்டளைதான் சொல்லும்.

2008இல் இன்டெல் பொறியாளர்கள் ஆர்யன் வான் டி வென்னும் அவ்க கோக்கும் ஈ பிசி என்ற குட்டி லெப்டொப்பில் லினக்ஸை 5 செக்கனில் எழுப்பிக் காட்டினார்கள். லெப்டொப்பை மூடித் தூங்கவைக்கிற ஆளுக்கு அதனால் என்ன? ஒன்றுமில்லை.

ஆனால் தம்பியின் கடையில் அணைப்பது நாமல்ல, கரண்ட். நுரைச்சோலையின் 900 மெகாவாட் மின்நிலையம் களப்புக்கு அப்பால்தான் நிற்கிறது! ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததென்றார் அமைச்சர். முழு இலங்கையும் அணைந்தது. கரண்ட் வந்த கையோடு, போனில் வந்த படிவத்தை அச்செடுக்க வாசலில் ஆட்கள். யுபிஎஸ் இல்லாத கடையில் ஒரு நிமிஷம் நீளமானது.

எக்ஸ்ட்2 கோப்பு முறைமையின் காலத்தில் இதைவிட மோசம். கரண்ட் போய் வந்தால் டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கும். தேத்தண்ணி குடித்து வரலாம். இப்போதைய எக்ஸ்ட்4 தன் குறிப்பேட்டை மட்டும் புரட்டிவிட்டு எழும்பிவிடுகிறது.

வேகம் தேடி லினக்ஸ் டிஸ்ட்ரோவை மாற்றி மாற்றிப் போட்டுக் களைத்த தம்பி, கடைசியில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி பூட்டினான். போன கிழமை போனேன். கூத்துப் பார்க்கும் ஆசையில் எஸ்கேப்பில் விரல் வைப்பதற்குள் முகப்பு வந்துவிட்டது.