பழைய விளையாட்டுக்கு ஏன் புதிய கணினி?

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவி 2000-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் மையத்தில் இருந்த பிராசஸரின் வேகம் ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ். இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் மடிக்கணினியின் பிராசஸர்கூட 3,000 முதல் 4,000 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 3 முதல் 4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் பத்து மடங்குக்கும் மேல். ஆயினும், அந்தப் பழைய கருவிக்காக எழுதப்பட்ட விளையாட்டை மலிவான மடிக்கணினியில் ஓடவிட்டால், பல நேரங்களில் படம் திணறுகிறது. ஒலி அறுந்து அறுந்து கேட்கிறது. கணினியில் ஏதோ பழுது என்று நினைத்துப் பெற்றோர் கடைக்குப் போகிறார்கள். கூடுதல் ரேம் போடுங்கள், அதிக கோர் உள்ள கணினி வாங்குங்கள் என்ற அறிவுரை கிடைக்கிறது. பணம் செலவான பிறகும் திணறல் நீங்காத வீடுகள் உண்டு.

இதற்கான விடை, எமுலேட்டர் என்ற மென்பொருள் செய்யும் வேலையில் இருக்கிறது. கன்சோல் எனப்படும் விளையாட்டுக் கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்த சில்லுகள், தனித்த இயந்திர மொழி உண்டு. நம் மேசைக் கணினிக்கு அந்த மொழி தெரியாது. இடையில் அமர்ந்து, கன்சோலுக்கு இடப்பட்ட ஒவ்வொரு கட்டளையையும் கணினிக்குப் புரியும் மொழியில் மாற்றித் தருவதே எமுலேட்டர். கன்சோலின் ஒரு கட்டளையை நிறைவேற்றக் கணினி பல கட்டளைகளை நிறைவேற்ற வேண்டியிருக்கும். அதுவும் விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, நொடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில், ஒவ்வொரு படத்துக்கும் 17 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும். அந்தக் கெடு தவறினால் ஆட்டம் மெதுவாகிறது, ஒலி வெட்டுப்படுகிறது.

மொழிபெயர்ப்பில் இரு முறைகள் உண்டு. ஒரே வாக்கியம் நூறு முறை வந்தாலும் நூறு முறையும் புதிதாக மொழிபெயர்ப்பது ஒன்று. முதல் முறை மொழிபெயர்த்ததை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்து வாசிப்பது மற்றொன்று. பிளேஸ்டேஷன் 2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2, நின்டென்டோவின் கேம்கியூப், வீ கருவிகளுக்கான டால்பின் ஆகிய எமுலேட்டர்கள் இரண்டாவது முறையைப் பின்பற்றுகின்றன. அதனால்தான் இன்றைய கணினிகளில் அவை ஓட முடிகிறது.

ஆனால், மொழிபெயர்ப்பைவிடப் பெரிய சுமை வேறொன்று. கன்சோலுக்குள் இருப்பது ஒரு சில்லு அன்று. பிளேஸ்டேஷன் 2-இல் மையப் பிராசஸர், அதனுடன் இரண்டு கணக்கீட்டு அலகுகள், படம் வரையும் சில்லு, ஒலிச் சில்லு, உள்ளீட்டைக் கவனிப்பதற்கென முதல் பிளேஸ்டேஷனின் பிராசஸர் என்று பலவும் ஒரே நேரத்தில் இயங்கின. இது ஒரு நாகசுர மேளம் போன்றது. நாகசுரம், தவில், தாளம், ஒத்து என ஆளுக்கொன்றாக வாசிக்கிறார்கள். எமுலேட்டரின் நிலையோ, இவை அனைத்தையும் ஒருவரே மாற்றி மாற்றி எடுத்து வாசித்து, கேட்பவருக்கு ஒரு மேளமே வாசிப்பதுபோலத் தோன்றச் செய்ய வேண்டிய நிலை. ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை கருவியை மாற்றினால் வேலை எளிது, தாளம் தவறும். ஒவ்வோர் அட்சரத்துக்கும் மாற்றினால் தாளம் நிற்கும். வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். துல்லியம் கூடக் கூட வேகத்தின் தேவை ஏன் இவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

சூப்பர் நின்டென்டோ கருவியின் வரலாறு இதற்குச் சரியான சான்று. அதன் பிராசஸரின் உச்ச வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. 1997-இல் வெளிவந்த இசட்ஸ்நெஸ் என்ற எமுலேட்டர், அக்காலத்தின் சில நூறு மெகாஹெர்ட்ஸ் கணினியிலேயே அந்த விளையாட்டுகளை ஓடவிட்டது. பின்னர் வந்த பிஸ்நெஸ் எமுலேட்டர், கருவியின் ஒவ்வொரு துடிப்பையும் பிசகாமல் பின்பற்ற முயன்றது. அதன் ஆசிரியர் 2011-இல் ஆர்ஸ் டெக்னிக்கா தளத்தில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 3 கிகாஹெர்ட்ஸ் என்ற எண் இருந்தது. அதே விளையாட்டு, அதே திரை. தேவைப்பட்ட வேகமோ பன்மடங்கு.

அவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். ஏர் ஸ்ட்ரைக் பெட்ரோல் என்ற விளையாட்டில், பறக்கும் விமானத்தின் நிழல் தரையில் விழும். திரையில் ஒரு வரி வரையப்படும்போதே, அந்த வரியின் நடுவில் அமைப்பை மாற்றி அந்த நிழலை உருவாக்கியிருந்தார்கள். வரிக்கு ஒரு முறை மட்டும் கணக்கிட்ட எமுலேட்டர்களில் நிழல் மறைந்துபோனது. ஸ்பீடி கொன்சாலஸ் விளையாட்டின் இறுதிக் கட்டங்களில் ஒன்றில், ஒரு பொத்தானைத் தொட்டவுடன் ஆட்டம் உறைந்து நின்றது. பழைய கருவியின் நினைவகத்தில் ஒன்றுமே இல்லாத ஓரிடத்தைப் படித்தால் என்ன விடை வரும் என்பதை எமுலேட்டர்கள் சரியாகப் பின்பற்றாததே காரணம். இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜப்பானிய விளையாட்டுகளை ஆர்வலர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது இசட்ஸ்நெஸ்ஸில் மட்டுமே சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் சில, உண்மையான கருவியில் ஓடவே மறுத்தன. நகலுக்குப் பொருந்தி, மூலத்துக்குப் பொருந்தாத படைப்புகள் உருவாகிவிட்டன. ஏட்டுச் சுவடியைப் பார்த்து எழுதியவரின் பிழையே பாடமாக நிலைத்துவிடுவதைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவார்கள்.

இனி, பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண்ணுக்கு வருவோம். இன்டெல்லின் பென்டியம் 4 வரிசையில் 2004-லேயே 3.8 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் வந்துவிட்டது. இன்றைய 3.5 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் அதைவிடப் பன்மடங்கு வேலை செய்கிறது. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதை மட்டுமே சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்லாது. கோர்களின் எண்ணிக்கையும் அவ்வாறே. மேளக்காரரின் வேலையைப் பதினாறு பேருக்குப் பங்கிட முடியாது. ஒருவர் வாசித்ததைக் கேட்ட பிறகே அடுத்தவர் வாசிக்க முடியும் என்பதால், பெரும்பாலோர் சும்மா காத்திருப்பார்கள். எனவே பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் போன்றவற்றின் எமுலேட்டருக்கு முதன்மையாக வேண்டியது, ஒற்றைக் கோரின் வலிமை. பிசிஎஸ்எக்ஸ்2 திட்டமே தன் கணினித் தேவையை ஒற்றை இழைச் சோதனை மதிப்பெண்ணைக் கொண்டுதான் குறிப்பிட்டு வந்துள்ளது. வாங்கும் முன் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பது, விளம்பரத்தில் கோர்களை எண்ணுவதைவிடப் பயனுள்ளது. நான்கு முதல் ஆறு கோர்களுக்கு மேல் இதற்காகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

விதிவிலக்கு, 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3. அதன் செல் பிராசஸர் 3.2 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது. ஒரு மையக் கோருடன், விளையாட்டுகளுக்கென ஆறு துணைக் கோர்கள் இருந்தன. அதன் எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3, எட்டு கோர் இருந்தாலும் அத்தனையையும் வேலை வாங்கும். ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதி பிராசஸரில் இருந்தால் அதனால் பெரிதும் பயன்பெறும். மறுமுனையில், 1990-களில் நம் வீடுகளில் கேசட் போட்டு மாரியோவும் கான்ட்ராவும் ஆடிய பெட்டிகள், நின்டென்டோவின் தொடக்கக் காலக் கருவியின் நகல்கள். அவற்றின் வேகம் ஏறத்தாழ 1.8 மெகாஹெர்ட்ஸ். அவற்றுக்கு எந்தக் கைப்பேசியும் போதும்.

கையில் இருக்கும் கணினியிலேயே சரிசெய்யக்கூடியவையும் பல. மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்து, விண்டோஸின் மின் பயன்பாட்டு அமைப்பில் உச்சச் செயல்திறனைத் தேர்ந்தெடுக்காமல் வேறெதையும் தொடுவது வீண் வேலை. மின்கலத்தில் ஓடும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் சீராக ஓடிவிட்டுப் பிறகு திணறினால் அது வெப்பத்தின் விளைவு. காற்று செல்லும் வழியில் தூசு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மெத்தைமேல் வைத்து ஆடுவதும் இதே கேட்டைத் தரும். ஒரு புதிய காட்சி முதல் முறை வரும்போது மட்டும் படம் ஒரு கணம் நின்று, இரண்டாம் முறை நிற்காவிட்டால், அது வேகக் குறைவு அன்று. படம் வரைவதற்கான சிறு நிரல்களைக் கணினி அப்போதுதான் தயாரிக்கிறது. டால்பின் திட்டம் 2017-இல் உபர்ஷேடர் என்ற வழிமுறையைக் கொண்டுவந்து இதைப் பெருமளவு தீர்த்தது. அமைப்புகளில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தொடர்ந்து திணறினால், சுமை பிராசஸரிலா கிராபிக்ஸிலா என்று முதலில் கண்டறிய வேண்டும். பிசிஎஸ்எக்ஸ்2, இவை ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்பதைத் திரையின் மூலையில் காட்டும். கிராபிக்ஸ் 100 விழுக்காட்டை நெருங்கினால் இன்டர்னல் ரெசல்யூஷன் என்ற அமைப்பைக் குறையுங்கள். அதை மூன்று மடங்காக வைத்தால் வரைய வேண்டிய புள்ளிகள் ஒன்பது மடங்காகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் ஒரே ஒரு ரேம் பட்டை இருந்தால், இன்னொன்றைச் சேர்ப்பது உண்மையிலேயே உதவும். கடைக்காரரின் ரேம் அறிவுரை பலிப்பது பெரும்பாலும் இங்கே மட்டும்தான். பிராசஸரே நெருக்கடியில் இருந்தால், கணக்கீட்டு அலகு ஒன்றைத் தனிக் கோருக்கு அனுப்பும் எம்டிவியூ இயங்குகிறதா என்று பாருங்கள். இது பெரும்பாலான விளையாட்டுகளைப் பாதிப்பதில்லை.

ஈஈ சைக்கிள் ரேட், ஈஈ சைக்கிள் ஸ்கிப் ஆகியவை வேறு வகை. பழைய கருவியின் பிராசஸரே மெதுவானது என்று இவை விளையாட்டை நம்பவைக்கின்றன. நம் கணினியின் சுமை குறைகிறது. ஆனால் சைக்கிள் ஸ்கிப்பைக் கூட்டினால், திரையின் மூலையில் நொடிக்கு 60 படம் என்று எண் காட்டும். கண்ணெதிரே ஆட்டம் நொண்டும். இணையத்தில் காணொலி போடுவோர் பலரும் இந்த அமைப்புகளை எல்லாம் உச்சத்தில் வைக்கச் சொல்வது பொறுப்பற்ற அறிவுரை. இயல்பு நிலையில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும், ஒரு விளையாட்டுக்கு மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். எமுலேட்டர் எழுதுவது தன்னளவில் குற்றமன்று. கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக சோனி தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் அந்தப் பக்கமே தீர்ப்பளித்தது. 2018-இல் சோனி தானே வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் கருவிக்குள் இருந்தது, ஆர்வலர்கள் எழுதிய திறந்தநிலை எமுலேட்டர் ஒன்றுதான்! அதே வேளையில், இன்றும் விற்பனையில் உள்ள கருவியின் பூட்டை உடைக்க உதவுவதாக நின்டென்டோ தொடுத்த வழக்கில், யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் 2024-இல் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு திட்டத்தையே மூடினார்கள். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாக வாங்கிய கணினி நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்க இடம் தருகிறது. யாரோ இணையத்தில் ஏற்றிய விளையாட்டையோ, கன்சோலின் பயாஸ் கோப்பையோ இறக்கிக்கொள்வதற்கு அதில் இடமில்லை.

இவ்வளவு உழைப்பும் பொழுதுபோக்குக்காகத்தானா என்ற கேள்விக்கு எண்களே பதில் தருகின்றன. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்று, வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பார்க்கத் தர விலக்கு கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. பழைய கருவிகளின் மின்தேக்கிகள் கசிகின்றன. வட்டு படிக்கும் லேசர்கள் தளர்கின்றன. துல்லியமான எமுலேட்டர் இல்லாவிட்டால், நல்ல நிலையில் உள்ள வட்டையும் இன்னும் சில பத்தாண்டுகளில் படிக்க வழியிருக்காது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஹைதராபாதைச் சேர்ந்த அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய 'ஹனுமன்: பாய் வாரியர்' 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளிவந்தது. முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் விளையாட்டு என்று அது அறிமுகப்படுத்தப்பட்டது. இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வந்துசேர வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பின்னர் அச்சட்டத்தில் செய்தித்தாள்களும் சேர்க்கப்பட்டன. விளையாட்டு வட்டுகள் அதில் இல்லை. அவற்றைச் சேர்க்க நாடாளுமன்றம் ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும். வட்டுடன், அதை ஓடவிடும் எமுலேட்டரின் மூல நிரலையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று அத்திருத்தம் சொல்லலாம். அந்த மூல நிரல் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.